பாறையில் மோதியதால்தான் டிக் ஜான்சன் பெரிய ஆள் ஆனாரா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய டூரிங் கார் ஓட்டுநர் டிக் ஜான்சன் 1980இல் ரேஸின் நடுவே ஒரு பாறையில் மோதினார், டிவியில் அழுதார், மக்கள் பணம் அனுப்பினார்கள், அதை வைத்துத்தான் சாம்பியன் ஆனார் என்று ஒருவர் எங்கோ படித்திருக்கிறார். "அப்படியென்றால் அந்தப் பாறை இல்லாவிட்டால் அவர் யாருமில்லையா? இது திறமையா, அனுதாபமா?" என்று கேட்கிறார். கூடவே, அவருடைய எந்த ரேஸ்களை முதலில் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். பாறை உண்மை, அழுகை உண்மை, பணமும் உண்மை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் கனமான பகுதி பாறைக்குப் பக்கத்தில் இல்லை. அது ஏழெட்டு வருஷம் தள்ளி, முற்றிலும் வேறு மாதிரியான ஒரு காரில் இருக்கிறது.

நான் ரேஸ் ஓட்டியவன் இல்லை. ஆட்டோமொபைல் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பந்தயக் கார்களின் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (எஞ்சினின் இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) பிரித்துச் சேர்க்கும் பட்டறை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஆகவே ஓட்டுநர்களைப் பற்றி நான் சொல்வதில் பட்டறைக்காரனின் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். 1980 பந்தயத்தை நேரில் பார்த்தவனும் இல்லை. எல்லோரையும் போல ஒளிப்பதிவில் பார்த்ததுதான்.

டூரிங் கார் என்றால் ஃபார்முலா 1 மாதிரி திறந்த சக்கரங்களோடு ஓடும் வண்டி இல்லை. கடையில் வாங்கக் கூடிய நான்கு சக்கர சாதாரணக் காரை விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு மாற்றி ஓட்டுவது. ஆஸ்திரேலியாவில் இதன் பெரிய மேடை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாதர்ஸ்ட் ஊரை ஒட்டிய மவுண்ட் பனோரமா. ஒரு சுற்று இப்போது 6.213 கிலோமீட்டர், மொத்தம் 161 சுற்று, ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். ரேஸ் இல்லாத நாட்களில் அது பொதுச்சாலை. 60 கிலோமீட்டர் வேக வரம்புக்குள் நீங்களும் நானும் அதே வளைவுகளில் ஓட்டிப் பார்க்கலாம். ஓரத்தில் வீடுகள்கூட உண்டு. இரண்டு கார் கம்பெனிகளின் பேரில் நாடு முழுக்க ஹோல்டன் கட்சி, ஃபோர்டு கட்சி என்று பிரிந்து கிடந்த காலம் அது. குடும்பத்தில் அப்பா எந்தக் கட்சியோ பிள்ளைகளும் அதே கட்சி.

டிக் ஜான்சன் 1945இல் பிறந்த குயின்ஸ்லாந்துக்காரர், பிரிஸ்பேன். 1964இல் அந்த ஊருக்கு வடக்கே உள்ள லேக்சைட் தடத்தில் ஒரு எஃப்ஜே ஹோல்டனை வைத்துக்கொண்டு தொடங்கினார். பின்னாளில் ஃபோர்டு ரசிகர்களின் தெய்வமாகப் போகிறவர் ஹோல்டனில்தான் கையைப் பழக்கினார் என்பதை அந்த ரசிகர்கள் அவ்வளவாக வெளியில் சொல்வதில்லை. 70களில் ஹோல்டனின் டோரானா ஓட்டினார், உள்ளூர்க் கார் விற்பனையாளர்களின் ஆதரவில் ஓட்டினார், 1977 வாக்கில் ஒரு ஃபோர்டு விற்பனையாளர் மூலம் ஃபோர்டின் ஃபால்கன் காருக்கு மாறினார். அதாவது பாறை வருவதற்கு முன்பே 16 வருஷ அனுபவம். குயின்ஸ்லாந்தில் வேகமான ஆள் என்று பெயர், தெற்கே அவ்வளவாக யாருக்கும் தெரியாது. சம்பளம் கொடுக்கும் பெரிய அணி எதுவும் பின்னால் இல்லை.

இங்கே 1980இன் சூழலைச் சொல்லாமல் பாறையைப் புரிந்துகொள்ள முடியாது. 1977இல் ஆலன் மொஃபாட்டின் இரண்டு ஃபால்கன்கள் பாதர்ஸ்ட்டில் முதலும் இரண்டுமாக ஒன்றாக வந்து முடித்தன. அடுத்த வருஷத்தோடு ஃபோர்டு கம்பெனி அதிகாரபூர்வமாகப் பந்தயத்தை விட்டு விலகியது. 1978இல் பீட்டர் ப்ராக் ஹோல்டனில் வென்றார். 1979இல் அவரே ஆறு சுற்று வித்தியாசத்தில் வென்றார், அதுவும் கடைசிச் சுற்றில் சுற்றுச் சாதனையை முறியடித்தபடி. எதிராளிக்கு அதைவிட அவமானம் வேண்டாம். ஃபோர்டு கட்சியில் கோடிக்கணக்கான ரசிகர்கள் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். கம்பெனி கைவிட்ட இடத்தில் யாராவது வந்து ப்ராக்கை அடிக்க மாட்டார்களா என்று காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜான்சன் இருந்த காசையெல்லாம் போட்டு, கடனும் வாங்கி, எக்ஸ்டி ஃபால்கன் ஒன்றைத் தானே கட்டி, 17ஆம் எண் போட்டுக்கொண்டு 1980 அக்டோபரில் மலைக்கு வந்தார். வந்தவர் ஆரம்பத்திலேயே முன்னிலைக்குப் போய்விட்டார். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பாறை தடுத்தது பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பரிதாபக்காரரை இல்லை, பந்தயத்தை நடத்திக்கொண்டிருந்தவரை.

தி கட்டிங் என்ற இடம் மலையேற்றத்தில் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பி செங்குத்தாக ஏறும் இறுக்கமான வளைவு. மலையை வெட்டிச் சாலை போட்டதால் ஓரத்தில் மண்மேடு நிற்கும். அன்று அந்த மேட்டின் மேல்தான் ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுபோன ஒரு காரைத் தூக்கிச் செல்லும் மீட்பு வண்டி தடத்தில் நின்றது. அதைத் தவிர்க்க ஒதுங்கிய ஜான்சனுக்கு எதிரே கால்பந்து அளவில் ஒரு பாறை கிடந்தது. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் பாறை, நடுவில் கார் போக இடமில்லை. மோதியது, சுவரில் சாய்ந்தது, கதை முடிந்தது. முதல் இருபது சுற்றுகூட ஆகவில்லை.

பாறை எப்படி அங்கே வந்தது என்பதுதான் இதில் சந்தேகமான பகுதி. மேட்டில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதை, தூக்கியே எறிந்தார்கள் என்று ஒரு கதை, கால் பட்டுத் தானாக உருண்டது என்று ஒரு கதை. வேண்டுமென்றே செய்த சதி என்று யாராவது உறுதியாக எழுதினால் நம்பாதீர்கள். தெரிந்தது இவ்வளவுதான்: பாறை மேலே இருந்தது, கீழே வந்தது, முன்னிலையில் இருந்தவரின் காரை முடித்தது.

பிறகு சானல் செவன் நேர்காணல். கையில் இருந்த எல்லாவற்றையும் இந்தக் காரில் போட்டுவிட்டேன், இனி தொடரப் பணமில்லை என்கிற நிலையில் ஒரு மனிதர் கேமரா முன் தொண்டை அடைத்து நிற்கிறார். நடிப்பு துளிகூட இல்லை. நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. மக்கள் தர முன்வந்த தொகை 72,000 டாலர். அப்போது ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் உயர் பொறுப்பில் இருந்த எட்செல் ஃபோர்டு, ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன், அதற்குச் சமமான தொகையைச் சேர்த்துக் கொடுத்தார். ஆக 1,44,000 டாலர். சிலர் இதை வெறும் அனுதாபம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழியில் விழுந்த எவரைக் கண்டாலும் அந்தக் கூட்டம் பணம் அனுப்பியிருக்காது. ப்ராக்கை முந்தி ஓடிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்ததால் அனுப்பியது.

அந்தப் பணம் இல்லாவிட்டால்? இது யாராலும் நிரூபிக்க முடியாத கேள்வி, என் ஊகத்தை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1980 முடிவில் அவருடைய சொந்த அணி மூடப்பட்டிருக்கும். அவர் மறுபடி ஏதாவது ஒரு கார் விற்பனையாளரின் வண்டியை ஓட்டப் போயிருப்பார். வேகம் அப்படியே இருந்திருக்கும், ஆனால் வண்டியின் மீது முழு அதிகாரம் இருந்திருக்காது. ஜான்சனைப் பொறுத்தவரை அந்த அதிகாரம்தான் எல்லாமே. பாறை அவருக்குத் திறமையைக் கொடுக்கவில்லை, பட்டறைச் சாவியைக் கையிலேயே விட்டுவைத்தது.

1981இலும் பாமர் ட்யூப் மில்ஸ் என்ற எஃகுக் குழாய்க் கம்பெனி ஸ்பான்சராக நின்றது. 'ட்ரூ ப்ளூ' என்பது அவர்களுடைய குழாயின் பெயர், அதனால் காரும் நீலம். பிறகு 'கிரீன்ஸ் டஃப்' என்ற குழாய் வந்தபோது கார் பச்சையானது. ஆஸ்திரேலிய ரேஸ் வரலாற்றில் மிகவும் நேசிக்கப்படும் இரண்டு கார் நிறங்களும் குழாய் விளம்பரம்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன சந்தோஷம். அந்த வருஷ ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன்ஷிப் (பல தடங்களில் நடக்கும் தொடர் போட்டி) கடைசிப் பந்தயத்தில், அவருடைய சொந்தத் தடமான லேக்சைடில், ப்ராக்கோடு நேருக்கு நேர் முடிவானது. ஜான்சன் வென்றார். அக்டோபரில் ஜான் ஃபிரெஞ்சோடு சேர்ந்து பாதர்ஸ்ட்டையும் வென்றார்.

அந்த பாதர்ஸ்ட் வெற்றியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 163 சுற்று ஓட வேண்டிய பந்தயம் முழுவதுமாக ஓடவில்லை. மலையுச்சியில் மெக்ஃபிலமி பார்க் பகுதியில் பல கார்கள் மோதித் தடம் அடைபட்டதால் நிறுத்தினார்கள். 120 சுற்று முடிந்த நிலையில் இருந்த வரிசையையே முடிவாக அறிவித்தார்கள். ஜான்சன் அப்போது முதலில் இருந்தார். இரண்டாவதாக இருந்த பாப் மோரிஸ் அந்த மோதலிலேயே சிக்கியவர். முழுத் தூரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹோல்டன்காரர்கள் இன்றும் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த 'பாதியில் நிறுத்திப் பின்னோக்கி எண்ணும்' விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 11 வருஷம் கழித்து அது திரும்பி வரும்.

1982இலும் சாம்பியன்ஷிப் அவருக்கே. 1983இல் பாதர்ஸ்ட் தகுதிச் சுற்று. முதல் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக, தடத்தில் தனியாக ஓட்டும் போட்டி அது. மலையிலிருந்து இறங்கும் ஃபாரஸ்ட்ஸ் எல்போ வளைவில் காரின் முன்பக்கம் ஓரத் தடுப்பில் பட்டு, ஸ்டியரிங் போய், பச்சை ஃபால்கன் நேராக மரங்களுக்குள் பாய்ந்தது. கார் சுருண்டு போனதைப் பார்த்தால் உள்ளிருந்தவர் நடந்து வெளியே வந்தார் என்று நம்பத் தோன்றாது. வந்தார். மோதலைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. அணி அன்றே இன்னொருவரின் ஃபால்கனை விலைக்கு வாங்கி, தப்பிய பாகங்களை அதில் மாற்றி, இரவோடு இரவாகப் பச்சை அடித்து, எழுத்துகளை ஒட்டி, மறுநாள் காலை வரிசையில் நிறுத்தியது. அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயமில்லை. தெரியாத வண்டியில் தெரிந்த சஸ்பென்ஷனை ஓர் இரவில் பொருத்துவது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவனுக்குத் தெரியும். போல்ட் துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அரைமணி நேரம் போச்சு. தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு தப்பு நட்டை முறுக்கினால் மறுநாள் மணிக்கு 250 கிலோமீட்டரில் அது யாரையாவது கேள்வி கேட்கும்.

1984இல் மூன்றாவது சாம்பியன்ஷிப். அடித்து நொறுக்கி வாங்கியதில்லை, ஒவ்வொரு பந்தயத்திலும் விடாமல் புள்ளி சேர்த்து வாங்கியது. அதோடு பழைய உள்ளூர் விதிகள் முடிந்தன. 1985 முதல் சர்வதேச குரூப் ஏ விதி. இங்கேதான் பாறைக் கதை சொல்பவர்கள் பேசாமல் தாண்டிப் போகும் இடம் வருகிறது.

புதிய விதிப்படி ஃபோர்டு ஆஸ்திரேலியாவிடம் ஓட்டத் தகுந்த கார் இல்லை. வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த ஃபால்கன் உற்பத்தியே நின்றுபோயிருந்தது. ஹோல்டன்காரர்களுக்கு வி8 கொமடோர் இருந்தது, ஜிம் ரிச்சர்ட்ஸிடம் பிஎம்டபிள்யூ இருந்தது. ஜான்சன் ஜெர்மனியின் ஸாக்ஸ்பீட் நிறுவனத்திடமிருந்து மஸ்டாங் வாங்கி வந்தார். வேகம் பற்றாத வண்டி. அதை வைத்துக்கொண்டே 1985 சாம்பியன்ஷிப்பில் ரிச்சர்ட்ஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அவர் வாழ்க்கையிலேயே நன்றாக ஓட்டிய வருஷம் எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன், கோப்பை எதுவும் இல்லாவிட்டாலும்.

1987இல் ஷெல் ஸ்பான்சராக வந்தது, ஃபோர்டு சியாரா வந்தது. இப்போது என் தொழிலுக்குள் நுழைகிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் பெரிய வி8 எஞ்சினோடு பழகிய மனிதர், 42 வயதில், 1993 சிசி நான்கு சிலிண்டர் டர்போவுக்கு, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தை வைத்து உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் எஞ்சினுக்கு மாறுகிறார். வி8 காலை அழுத்திய உடனே இழுக்கும், விட்டால் விடும். அந்தக் கால டர்போ அப்படியில்லை. அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமும் சேர்ந்து வரும், மாட்டு வண்டியில் தூங்கி வழிந்த மாடு திடீரென்று மிரண்டால் எப்படியோ அப்படி. வளைவின் நடுவில் வந்தால் பின்சக்கரம் வழுக்கும். நேர்ச்சாலையில் வந்தால் அந்த முறுக்கு முழுவதும் கியர்பாக்ஸ் வழியாக டிஃபரன்ஷியலில் போய் அடிக்கும். ஐரோப்பியக் குடும்பக் காருக்காக வடிவமைத்த பின்அச்சு அதற்கு ஆகாது.

அப்படி அடிவாங்கிய டிஃபரன்ஷியல் ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தால் முதலில் வருவது கருகிய ஆயில் நாற்றம், மூக்கை விட்டுச் சீக்கிரம் போகாது. வடிகால் போல்ட்டின் காந்த முனையில் இரும்புத் துகள் முள்முள்ளாக நிற்கும். பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தின் பற்களின் நுனி வெள்ளையாக இருக்காது, நீலம் பாய்ந்திருக்கும். நீலம் தெரிந்தால் அந்த எஃகு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம், கழுவித் திரும்பப் போடக் கூடாது. சியாரா ஓட்டிய எல்லா அணிகளும் இந்த நீலத்தை ஏதோ ஒரு மட்டத்தில் பார்த்தவைதான். 1987 பாதர்ஸ்ட்டில் ஜான்சன் அணியின் சியாராக்கள் முதல் சில சுற்றுகளிலேயே வெளியேறிவிட்டன. டிவியில் பார்த்தவர்களுக்கு அது கேலிக்கூத்து.

ஆனால் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தொழில்நுட்பத்தை நம்பி உட்காராமல், எஞ்சின் மேலாண்மையையும் டர்போ அழுத்தத்தையும் பின்அச்சையும் பிரிஸ்பேன் பட்டறையிலேயே படித்துத் தேர்ந்தார்கள். ஆர்எஸ்500 சியாராவில் 500 குதிரைத்திறனைத் தாண்டினார்கள். 1988 சாம்பியன்ஷிப்பில் ஜான்சன் முதல், அணித் தோழர் ஜான் போவ் இரண்டாவது. 1989இலும் அதே வரிசை. 1988இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனுக்கு ஒரு காரை எடுத்துப் போய், அந்த வண்டியை உருவாக்கிய நாட்டின் அணிகளையும் ஐரோப்பாவின் சாம்பியன்களையும் வைத்துக்கொண்டே டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்டார், முன்னணியிலும் ஓடினார். வண்டி பழுதானதால் வெற்றி கிடைக்கவில்லை. ஆனாலும் மறுநாள் இங்கிலாந்தில் யாரும் அவரை 'பாறையில் மோதிய ஆள்' என்று அழைத்திருக்க மாட்டார்கள், அங்கே பாறையைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1988 பாதர்ஸ்ட்டை டோனி லாங்ஹர்ஸ்ட், தாமஸ் மெஸெரா ஜோடி இன்னொரு சியாராவில் தட்டிச் சென்றது. 1989இல் ஜான்சனும் போவும் அதை வென்றார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் சாட்சி 1980 இல்லை, 1988. பரிதாபப்பட்டு யாரும் டர்போ அழுத்தத்தைச் சரிசெய்து கொடுக்க மாட்டார்கள். ஐந்து சாம்பியன்ஷிப்: 1981, 1982, 1984, 1988, 1989. முதல் மூன்று பெரிய வி8களில், பின்னிரண்டு சின்ன டர்போவில். இயன் கேகன், மார்க் ஸ்கைஃப் இருவரும் ஐந்து வாங்கியவர்கள், ஜேமி வின்கப் மட்டும் ஏழு. பாதர்ஸ்ட்டில் ஜான்சனுக்கு மூன்று வெற்றி, ப்ராக்குக்கு ஒன்பது. மலையின் அரசன் ப்ராக்தான், அதில் வாதமில்லை. ஆனால் ப்ராக் பெரும்பாலும் ஹோல்டன் விற்பனையாளர்களின் பணம் பின்னால் நிற்க ஓட்டினார். ஜான்சன் ஓட்டிக்கொண்டே முதலாளியாகவும் இருந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி அதிர்ஷ்டக் கணக்கு. 1992 பாதர்ஸ்ட். ஆஸ்திரேலியத் தடங்களை நிஸான் ஜிடி-ஆர் ஆண்டுகொண்டிருந்த காலம், ஜான்சனும் போவும் இன்னும் அந்தப் பழைய சியாராவில். ரேஸின் பின்பகுதியில் கொட்டுகிற மழை. முன்னிலையில் இருந்த ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃபின் நிஸான் வழுக்கி மோதி நொறுங்கியது. இன்னும் பல கார்களும் அதே இடத்தில் குவிந்தன. பந்தயம் நிறுத்தப்பட்டபோது ஓடும் நிலையில் முன்னால் இருந்தது ஜான்சன் அணியின் கார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஆனால் விதி பின்னோக்கி எண்ணியது. முந்தைய சுற்றுக் கணக்குப்படி, தடத்தோரம் நொறுங்கிக் கிடந்த நிஸானுக்கு வெற்றி. மேடைக்கு முன் திரண்ட கூட்டம் கூச்சலிட்டு வெற்றியாளர்களை அவமானப்படுத்தியது. ரிச்சர்ட்ஸ் மைக்கைப் பிடித்துப் பதிலுக்குத் திட்டினார். அன்றைய பந்தயத்தில்தான் 1967 ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் டென்னி ஹல்ம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்திருந்தார், ரிச்சர்ட்ஸின் நண்பர் அவர். அந்தக் கோபத்தை அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1981இல் பாதியில் நிறுத்தும் விதி ஜான்சனுக்குக் கொடுத்தது, 1992இல் அதே விதி எடுத்துக்கொண்டது. அதிர்ஷ்டத்தால் வந்தவர் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது வரியையும் எழுத வேண்டும்.

நடுவில் 1989, 90இல் அமெரிக்கா போய் நாஸ்கார் பந்தயங்கள் சிலவற்றில் ஓட்டினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1993இல் விதி மீண்டும் ஐந்து லிட்டர் வி8க்குத் திரும்பியது. 1994இல் 49 வயதில் போவோடு ஈபி ஃபால்கனில் மூன்றாவது பாதர்ஸ்ட்டை வென்றார். அடுத்த வருஷம் அவருடைய காரில் போவ் சாம்பியன் ஆனார். 1999 முடிவில் ஜான்சன் ஓட்டுவதை நிறுத்தினார். மகன் ஸ்டீவனும் அதே அணியில் ஓட்டினார்.

ஓட்டுநர் வாழ்க்கை அங்கே முடிந்தாலும் முதலாளி வாழ்க்கை முடியவில்லை. 2000களில் அணி பலமுறை பண நெருக்கடியில் தள்ளாடியது. பட்டறையை நடத்தத் தெரிந்தவருக்குக் கணக்குப் புத்தகத்தை நடத்தவும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2010இல் ஜேம்ஸ் கோர்ட்னி அந்த அணிக்காகச் சாம்பியன் ஆனார், ஆனவுடன் வேறு அணிக்குப் போனார். பிறகு அமெரிக்கப் பந்தய அணி முதலாளி ரோஜர் பென்ஸ்கே பெரும்பான்மைப் பங்கை வாங்கி 2015 முதல் கூட்டாக நடத்தினார். ஸ்காட் மெக்லாஃப்லின் 2018, 2019, 2020 என மூன்று சாம்பியன்ஷிப்பும் 2019 பாதர்ஸ்ட்டும் வென்று கொடுத்தார். 2020 முடிவில் பென்ஸ்கே விலகியதும் அணி பழைய பெயருக்கே திரும்பியது. 1980இல் கடனில் கட்டிய ஒரு நீல ஃபால்கனோடு தொடங்கிய அணி இன்னும் 17ஆம் எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

எதைப் பார்க்கலாம் என்று கேட்டீர்கள். 1980இன் மோதலையும் அதைத் தொடர்ந்த நேர்காணலையும் சேர்த்தே பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். பிறகு 1983 தகுதிச் சுற்று, ஒரு நிமிஷ வேலை. அவருடைய பேச்சைக் கேட்க ஆசைப்பட்டால் 80களின் பாதர்ஸ்ட் ஒளிபரப்புகளில் காருக்குள் வைத்த ரேஸ்கேம் பகுதிகளைத் தேடுங்கள். சானல் செவன் 1979இல் தொடங்கிய ஏற்பாடு அது. 200 கிலோமீட்டர் வேகத்தில் வர்ணனையாளர்களோடு நக்கலடித்துக்கொண்டே ஓட்டுவார். 1992இன் கடைசி அரைமணி நேரத்தை மேடைவரை பாருங்கள். முழுப் பந்தயம் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 1994. அதன் கடைசிப் பகுதியில் 20 வயது கிரெய்க் லவுண்ட்ஸ் என்ற பையன், முதன்முறையாக இந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு வந்தவன், கிரிஃபின்ஸ் பெண்ட் வளைவில் வெளிப்பக்கமாகப் போவை முந்துகிறான். அதற்குப் பிறகு போவ் அந்த இடத்தை எப்படித் திரும்ப வாங்கினார் என்பதை நான் சொல்லிவிடப் போவதில்லை.